சாலேம்விளைக் கோயிலின் கீபோர்டில் பெய்த மழை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது கிருபை மைனி. போன பங்குனியில், திருநெல்வேலிக் கண் ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் புரை எடுத்து, ஆளுக்கு ஒரு கண்ணில் பஞ்சுவைத்து ஒட்டி, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். குனியக்கூடாது, தும்மக்கூடாது, அழக்கூடாது என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போனாள். மைனி ஜெபம் முடித்து, "அழக்கூடாதுன்னுட்டுப் போறாளே, உனக்கு ஒரு காரியம் சொல்லணும்னுல்லா இருந்தேன்" என்றாள். பிறகு அழாமலே சொன்னாள். கிருபை மைனி என் ஒன்றுவிட்ட அண்ணன் கோயில்பிள்ளையின் மனைவி. அண்ணன்தான் சாலேம்விளைக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன். அதனால் இது யாரோ சொல்லி யாரோ கேட்டதில்லை, கூடவே நின்றவள் சொன்னது.

சாலேம்விளை தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிற ஊர். செம்மண் பறந்து பறந்து, வெள்ளையடித்த கோயிலே காவி நிறமாகிப்போன ஊர். முருங்கையும் உளுந்தும்தான் வெள்ளாமை. மூன்று ஐப்பசி பொய்த்துப்போய், கிணற்றில் வாளியை விட்டால் வாளி இடிபடுகிற சத்தம் மட்டும் மேலே வருகிற காலத்தில், அந்த ஊர் தங்கபுஷ்பம் தன் மகன் ராஜதுரைக்கு மலையிலிருந்து பெண் எடுத்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்த தாய்க்கு ஒரே மகள், தகப்பன் முன்னமே இல்லை, தாயையும் அடக்கம்பண்ணிக் கொஞ்ச நாளே ஆகியிருந்த பிள்ளை. மலையில் முன்பு ஊழியம் செய்த சாலேம்விளைக் குருவானவர்தான் பேசி முடித்துவைத்தார். பெயர் திர்சாள். கல்யாணம் முடிந்து ராஜதுரை சென்னைக்கு, மளிகைக் கடைக்குத் திரும்பிவிட்டான். அங்கே வீடு பார்த்து அழைத்துக்கொள்ளும்வரை அவள் மாமியாரோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு. அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் கீபோர்டில் மழை பெய்தது.

பாட்டின் இரண்டாவது சரணத்தில், சுரத்துக்குப் பின்னால், முதலில் மணலில் கடலை வறுக்கிற மாதிரி ஒரு பொரிச்சல் கேட்டது. அது கனத்தது, பெலத்தது, தகரக் கூரையில் கல்லை வாரிக் கொட்டுகிற மாதிரி ஆகி, காற்றுக்குச் சாய்ந்து, திரும்பி நிமிர்ந்து, நின்று பெய்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் சேலையைக் கூட்டிக்கொண்டார்கள். மிளகாய் காயப்போட்டிருந்தவள் ஒருத்தி ஆராதனையிலிருந்து எழுந்து ஓடி, சுட்ட வெயிலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள். குருவானவர், சனங்கள் நனையாமல் வீடுபோய்ச் சேரட்டும் என்று பிரசங்கத்தைச் சுருக்கினார். ஆராதனை முடிந்து அண்ணன் சுவிட்சை அணைத்தான், மழை வெட்டினாற்போல் நின்றது. வெளியே வந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு இல்லை.

கோயில் கமிட்டியில் மூத்தவர் பொன்னுத்துரை அண்ணாச்சி, ஊரில் பாதி முருங்கைத் தோட்டம் அவருடையது. அவர் வாசலில் நின்று கேட்டார்: "ஏல கோயிலு, மும்பையில கடை வச்சிருக்க நம்ம ஆளுக பாட்டுப்பெட்டி வாங்கி அனுப்புனாகளா, தூவானப்பெட்டி வாங்கி அனுப்புனாகளா?"

"அது இரைச்சல் அண்ணாச்சி. வயர்ல எங்கயோ கோளாறு. சரிபண்ணிருதேன்."

"சரிபண்ணு. ஆனா தாளம் தப்புததுக்கும் மழைமேல பழியப் போட்டுறாத."

அண்ணன் சந்தையூரில் ஸ்பீக்கர் செட்டு வாடகைக்கு விடுகிறவன், ஆகவே முறைப்படி போனான். ஊர் முழுக்கக் கூடி நின்று பார்க்க, முதலில் வயரை மாற்றினான், மழை பெய்தது. வயர் சொருகுகிற துளைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான், பெய்தது. அடாப்டரை மாற்றினான், வேறே பிளக்கில் மாட்டினான், டியூப்லைட்டை அணைத்தான், பேன் ரெகுலேட்டரைக் கழற்றினான், பெய்தது. எர்த்து பலமில்லையோ என்று கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டான், ஒரு வீட்டுக்காரர்கள் தங்கள் குடிதண்ணீரில் ஒரு குடத்தைக் கொண்டுவந்து அதில் ஊற்றினார்கள், அதற்கும் பெய்தது. கரண்டே வேண்டாம் என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிகளைப் போட்டு, ஒரு வயரும் தொடாமல், குழந்தையைத் தனியாகப் படுக்கவைத்த மாதிரி பீடத்துக்கு முன்னால் வைத்து ஓடவிட்டான். அப்பவும் பெய்தது. செல்போன்களையெல்லாம் காணிக்கைப் பையில் வாங்கி உபதேசியார் ஊர் எல்லைவரைக்கும் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார். லைன்மேனிடம் சொல்லி டிரான்ஸ்பார்மரையே கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். பெய்தது.

"இது ஒரே இரைச்சலா இரையல" என்று அண்ணன் மைனியிடம் சொன்னானாம். "வயரு கெட்டா ஒரே சீரா இரையும். இது பெலக்குது, அடங்குது, காத்தடிச்சா சாயுது. இது மழையேதான்."

மிச்சம் இருந்தது சனங்கள் மட்டும்தான். அடுத்த ஞாயிறு, நற்கருணைக்கு எழுந்து வருகிற அதே வரிசையில், முதலில் ஆண்கள் பக்கம், பிறகு பெண்கள் பக்கம், ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து வெளியே போகச் சொன்னான். ஒவ்வொரு பெஞ்சு வெளியேறியதும் காதைக் கொடுத்துக் கேட்டான். கமிட்டிக்காரர்கள் போனார்கள், பாடகர் குழு போனது, குருவானவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். மழை போகவில்லை. கடைசிப் பெஞ்சில் மாமியாருக்குப் பக்கத்தில் இருந்த திர்சாள் எழுந்து படியைத் தாண்டினாள். நின்றது.

"உள்ள வாம்மா" என்றான். வந்தாள், பெய்தது. "வெளிய போம்மா." நின்றது.

இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அண்ணன் வாசலுக்கு வந்து, "பால்ட்டு கண்டுபிடிச்சாச்சு" என்று ஊருக்கே சொல்லிவிட்டான். மைனி முறைத்ததை அவன் பார்க்கவில்லை.

"ஏல, எம் மருமவளா பால்ட்டு?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசுகிறவள். மெதுவாகவே கேட்டாள்.

மலையில் பிறந்தவள் மழையோடு வந்திருக்கிறாள், இதில் என்ன இருக்கிறது என்று ஊர் அதை எடுத்துக்கொண்டது. "ஒருத்தி வெங்கலப் பானையோட வந்தா, ஒருத்தி தையல் மிசினோட வந்தா, இவ மழையோட வந்திருக்கா" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை பாட்டுப் பழகுகிற நேரம் ஆனால், திர்சாள் கோயிலுக்குள் நுழைவதற்கு முன்பே ஆடுகள் வந்து கோயில் இறவாரத்தின் கீழே ஒண்டி நின்றன. முழங்கால் வலிக்காரர்கள் ஆராதனைக்குத் துண்டு போர்த்திக்கொண்டு வந்தார்கள். பால்பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. மூன்று வருஷமாக மழையே பார்க்காத சின்னப் பிள்ளைகளைத் தாய்மார் கீபோர்டு பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தா, இதுதான்" என்று காட்டிக்கொடுத்தார்கள். இரைச்சல் ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள், ஆனால் அவர்களும் ஞாயிறு தவறாமல் வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் போன பிறகு, பாய் சுருட்டப் போன மைனி, திர்சாள் ஸ்பீக்கர்ப் பெட்டியின் துணியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னட்டி கேக்குத?"

"எங்க அம்மாவைத்தான்க்கா."

மைனி பாயைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திர்சாள் ஸ்பீக்கரை விட்டுக் காதை எடுக்காமலே சொன்னாள். மலையில் ஆடி மாத மழை பிடித்தால் கொழுந்து பறிக்கிறவர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதும் கேட்காது, தகரக் கூரை அப்படி. அந்த மழையில்தான் அவள் தாய் படுத்துக்கிடந்தாள். கடைசி நேரத்தில் கண்ணைத் திறந்து, இவளைப் பார்த்து, ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. "இன்னொருக்கா சொல்லும்மா, கேக்கலம்மா" என்று இவள் காதைக் கொண்டுபோவதற்குள் உதடு நின்றுவிட்டது.

"என்ன சொன்னாங்கன்னு தெரியாமலே அடக்கம் பண்ணிட்டோம்க்கா. இங்க இந்த மழைக்குள்ள அந்தக் குரலு இருக்கு. ஒரு நாளு மூச்சு மாதிரி கேட்டுச்சு. அதுக்குள்ள ரோட்ல ஒரு பைக்கு போயிருச்சு." பிறகு காதை எடுத்து மைனியைப் பார்த்தாள். "அண்ணன்கிட்ட சொல்லுங்க, சரிபண்ணிற வேண்டாம்னு. மழ போச்சுன்னா அதும் கூடப் போயிரும்."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அழுது ஒருவரும் பார்த்ததில்லை, அதையே சிலபேர் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மைனி வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "இரைச்சலுக்குள்ள குரல் இருந்தா, இரைச்சலத் தூக்கி எறியக்கூடாது. சுத்தி உள்ளதெல்லாம் அமத்தணும்" என்றான். "ஊரையே அமத்தணும். எவன் சம்மதிப்பான்?"

அமத்துவதற்குப் பதிலாக ஊர் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. விதைப்பு நேரம் வந்து, வானம் வெறுமனே இருந்தபோது, பொன்னுத்துரை அண்ணாச்சிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரும் ஸ்பீக்கர்களும் கீபோர்டும் ஏற்றி, கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் திர்சாளை உட்காரவைத்து, காட்டுக்குக் காடு கொண்டுபோனார்கள். தங்கபுஷ்பம் வேண்டாம் என்றுதான் சொன்னாள், "ஊருக்கு நல்லதுன்னா போயிட்டு வாரேன் மாமி" என்று திர்சாளே ஏறிக்கொண்டாள். ஜெனரேட்டர் உறுமுகிற உறுமலில் அவளுக்கு அந்தக் குரலின் மூச்சுகூடக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். வெயில் பிளக்கிற காட்டில், முருங்கை மரங்களுக்கு நடுவில், ஸ்பீக்கர் வழியாக மலை மழை நின்று பெய்தது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறின. காய்ந்த கிணற்றுக்குள் தவளை கத்தியது. மண்ணும் காதுள்ளதுதானே. பொன்னுத்துரை அண்ணாச்சி அன்றைக்கே உளுந்து விதைத்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும் விதைத்தார்கள். சத்தத்தை நம்பி உளுந்து முளைத்தது. ஈரமே இல்லாத புழுதியில், இரண்டிரண்டு இலையாக, காடு முழுக்கப் பச்சை. கோயிலில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த இலைகள் குடிக்கத் தண்ணீரைத் தேடின. தேடிப் பார்த்துவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல், எல்லாம் ஒன்றாகத் தலை சாய்ந்தன.

விதையும் போய் வெள்ளாமையும் போனபிறகு ஊர் வேறே மாதிரி பேசியது. "பொய்மழைக்காரி" என்று ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் திர்சாளின் காதுபடவே சொன்னாள். கமிட்டி கூடியது. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது, பேராயர் வருகிறார், அசனம் வைக்கவேண்டும், பாட்டு சுத்தமாக இருக்கவேண்டும், ஆகவே அந்தப் பிள்ளையைப் பண்டிகைக்கு முன்னால் அவள் ஊருக்கு அனுப்பிவிடுவது என்று பேசினார்கள்.

"அங்க அவளுக்கு யாருமில்லையே" என்றார் குருவானவர். "தாய் இருந்த லயத்து வீட்டையும் வேறே ஆளுக்குக் கொடுத்துட்டாங்க."

"மழை இருக்குல்லா" என்றார் பொன்னுத்துரை அண்ணாச்சி.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம். அசனம் என்றால் ஊர் முழுவதும், சாதாரணப்பட்டவரும் பெரியவரும், கோயில் வளாகத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுவது. அதற்கு முந்தின நாளே ஊர்ப் பெண்களெல்லாம் கூடிக் காய் நறுக்கவேண்டும். வேலைக்குக் கூடியவர்களுக்குச் சோறு வடிக்க ஆண்கள் பெரிய பெரிய வட்டகைகளை அடுப்பில் ஏற்றித் தண்ணீர் கொதிக்கவிட்டிருந்தார்கள். திர்சாளும் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பொன்னுத்துரை அண்ணாச்சி வந்து தங்கபுஷ்பத்தின் முன்னால் நின்று, சாயங்கால பஸ்ஸில் கூடப் போக ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கிறது, பிள்ளையைப் பெட்டி கட்டச் சொல் என்றார்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "பெட்டி கட்டுததுக்கு முன்ன ஒரு தடவை கீபோர்டைப் போடச் சொல்லுங்க மாமி" என்றாள் திர்சாள். "அதுக்கப்புறம் போயிருதேன்." மலைப்பிள்ளை வாயில் அதற்குள் எங்கள் பக்கத்துப் பேச்சு ஏறியிருந்தது.

எதற்கு என்று தங்கபுஷ்பத்துக்குப் புரியவில்லை. மைனிதான் நடுவில் புகுந்து, தாய் படுத்ததையும், தகரத்தில் மழை பெய்ததையும், உதடு அசைந்ததையும் எல்லாப் பெண்களும் கேட்கச் சொன்னாள். கேட்டு முடித்து, தங்கபுஷ்பம் மருமகளைப் பார்த்து, "என்ட்ட ஏம்மா சொல்லல?" என்றாள்.

"நீங்க கேக்கல மாமி" என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னாள்.

தங்கபுஷ்பம் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "அண்ணாச்சி, உங்க அம்மா சாகும்போது கடைசியா என்ன சொன்னாவ?"

"அதெதுக்கு இப்போ?"

"சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியான்னு கேட்டா."

"உமக்குத் தெரியுதுல்லா. இவளுக்குத் தெரியல. தெரிஞ்சிக்கிடட்டும். அதுக்குப் பெறகு எம் மருமவ எங்க இருக்கணும்னு நான் சொல்லுதேன்."

பொன்னுத்துரை அண்ணாச்சி அடுப்புப் பக்கம் போனார். குனிந்து, வட்டகைக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த விறகை ஒவ்வொன்றாக இழுத்து மண்ணில் போட்டார். கொதிக்கிற தண்ணீர் சத்தம் போட்டது, அடங்கியது. "எல, போயி மோட்டார நிறுத்து" என்றார் ஒருவனிடம். "எல்லாத்தையும் நிறுத்து."

முன்பு கோளாறைத் தேடுவதற்கு அணைத்த ஊர், இப்போது அவளுக்காக அணைந்தது. லைன்மேன் டிரான்ஸ்பார்மரை நிறுத்தினான். கோழிகளைக் கூடைபோட்டு மூடினார்கள். ஆடுகளுக்கு வாய் நிறைய அகத்திக்குழை கொடுத்தார்கள். பிள்ளைகளை மடியில் போட்டுப் பால் கொடுத்தார்கள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, உள்ளே இருந்தவர்களிடம் காரணம் சொன்னார்கள், அவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். காற்றை யார் நிறுத்துவது என்று யோசிப்பதற்குள் காற்று தானே நின்றது. பனையோலைகூட அசையவில்லை. அசன வேலைக்குக் கூடியிருந்த மொத்த ஊரும் கோயிலுக்குள்ளும் வாசலிலும் ஜன்னல்களிலும் நின்றது, ஒருத்தர் மூச்சு இன்னொருத்தருக்குக் கேட்காதபடி.

அண்ணன் கீபோர்டில் பேட்டரி போட்டு ஓடவிட்டான். ஒரு கட்டையையும் தொடவில்லை. திருகுகளை மட்டும், மருந்து அளக்கிற மாதிரி, மேல் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, கீழ்ச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, நடுவைத் திறந்துவிட்டான். திர்சாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மழை பெய்தது. பெய்தது. தகரத்தில் விழுந்து, வாய்க்காலில் ஓடி, தேயிலை மேல் சாய்ந்து, ஒரு மலை முழுக்கப் பெய்தது. அதன் நடுவில், பெலனில்லாத ஒரு பெண்குரல், எல்லாருக்கும் கேட்கும்படி, சொன்னது:

"கதவச் சாத்து பாப்பா. சாரல் அடிக்கிது. நனைஞ்சிருவ."

அவ்வளவுதான். இன்னும் ஏதாவது வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள், திர்சாளும் காத்திருந்தாள். வரவில்லை. அவள் மெதுவாக எழுந்தாள். வெக்கைக்காகத் திறந்தே கிடந்த பெண்கள் பக்கத்துப் பெரிய கதவுக்குப் போனாள். வாசலில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். இரண்டு கதவையும், செம்மணலில் அரைபட அரைபட இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். கதவைச் சாத்திய வீட்டுக்குள் கேட்கிற மாதிரி மழை தூரமானது. பிறகு இறவாரச் சொட்டானது. பிறகு ஒன்றுமில்லை. அண்ணன் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தான். சுரம் தனியாக, சுத்தமாக நின்றது.

திர்சாள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஊர் முதன்முதலாக அவள் அழுகையைக் கேட்டது. தங்கபுஷ்பம் போய், தன் முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள், பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்த பிள்ளையைத் துவட்டுகிற மாதிரி. துவட்டி முடித்து அந்த முந்தானையைப் பிழிந்தாள் என்றும், அதிலிருந்து தண்ணீர் வடிந்தது என்றும் மைனி சொன்னாள். நான் நம்புகிறேன்.

பொன்னுத்துரை அண்ணாச்சி விறகைத் திரும்ப அடுப்பில் தள்ளினார். "சோறு லேட்டாகும், பேசாம இருங்க" என்றார், ஒருவரும் பேசாதிருந்தபோதே. மறுநாள் பந்தியில் திர்சாள் ஊரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், இப்போதும் அவள் சாலேம்விளையில்தான் இருக்கிறாள். சென்னையில் வீடு கிடைத்தும் போகவில்லை, ராஜதுரைதான் கடையை விட்டுவிட்டு வந்துவிட்டான். மழை வந்ததா என்று நானும் மைனியிடம் கேட்டேன். வந்தது, எல்லா ஊருக்கும் வந்தபோது அந்த ஊருக்கும் வந்தது.

இதைக் கேட்ட உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீட்டில் யாராவது படுத்திருந்து, சின்னக் குரலில் ஏதாவது சொன்னால், பேனை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.